வரிசையில் நின்ற கலவன்

நீ எனக்குச் செய்த தவறு இது. நம் கழனியில் நட்ட தர்பூசணியில் எது ஆண் செடி என்பதை உன் நைனாவிடம் சொன்னாய். களையெடுக்க வரும் எல்லம்மாளிடம் சொன்னாய். சொட்டுநீர்க் குழாய் போட வந்த ஆளிடம்கூடச் சொன்னாய். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. நான் அவற்றைப் பிடுங்கி வரப்பில் போட்டேன். காய் பிடிக்கவில்லை. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, சண்டைகூடப் போடாமல் உத்திரமேரூர் பஸ் ஏறிப் போய்விட்டாய். இப்போது உங்கள் கம்பெனி வடக்கே எங்கேயோ திறக்கும் நாற்றுப் பண்ணைக்கு ஆடி கழிந்ததும் போகப்போகிறாயாம். அதையும் உன் நைனாதான் சொன்னார்.

போனில் கேட்டால் "அப்பறம் பேசறேம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதாகத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ மட்டும் படித்து மடித்து வைப்பதற்கு எழுதவில்லை. பட்டணத்தில் படித்துவிட்டுப் புது நாற்றோடு ஊருக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும். அஞ்சாவது வரைக்கும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதற்குமேல் படித்ததெல்லாம் விதைப் பையின் மேல் அச்சடித்திருப்பதும், பொட்டலம் கட்டி வரும் பேப்பரும், பிறகு நீ வீட்டில் விட்டுப்போன பாடப் புத்தகங்களும்தான். தப்பு இருந்தால் திருத்திக்கொள். ஆனால் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத் திருத்து.

நான் ஏன் பிடுங்கினேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து இந்தக் கழனியில் விதை நெல் போடுகிறோம். விதை நெல்லுக்கும் சோற்று நெல்லுக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்குத் தெரியும். சோற்று நெல்லில் வேறு ரகம் நாலு கலந்தால் யாரும் செத்துப்போவதில்லை. விதை நெல்லில் கலந்தால் அடுத்த வருஷம் ஊர் முழுக்கக் கலந்துவிடும். அதனால்தான் உயரமாக ஒன்று நின்றாலும், இலை நிறம் மாறி ஒன்று நின்றாலும், அது கலவன். பூ எடுப்பதற்கு முன்னால் அதை வேரோடு எடுத்துவிட வேண்டும். பூத்த பிறகு எடுத்தால் எடுத்ததற்கு அர்த்தம் இல்லை. விதை ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மற்றவர்கள் கழனியில் கீழே குனிந்து குனிந்து தேடுவார்கள். நம் கழனியில் வரப்போடு ஒரு நடை நடந்துவிட்டு மோர் குடிக்க வந்துவிடுவார்கள். அந்தக் கண் என்னுடையது. உன் நைனாவுக்கு மோட்டார் தெரியும், மாடு தெரியும். கலவன் தெரியாது.

நீ தை மாதம் குழித்தட்டு குழித்தட்டாக நாற்று கொண்டுவந்து இறக்கியபோது, நவரைப் பட்டத்து நெல்லுக்கு உழுது வைத்திருந்த கழனியை மறுபேச்சு இல்லாமல் விட்டுக்கொடுத்தேன். மேட்டுப்பாத்தி போட்டாய், மேலே ஷீட் விரித்தாய், ஓட்டை போட்டு நட்டாய். விதையில்லாத தர்பூசணி என்று சொன்னாய். அவ்வளவுதான் சொன்னாய். பிறகு பெங்களூருக்குப் போய்விட்டாய். மாசியில் கொடி ஓட ஆரம்பித்தது. நடுநடுவே சில செடிகளுக்கு மட்டும் இலை நறுக்கு நறுக்காக, கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது மாதிரி இருந்தது. கொடியும் மெலிசு. அன்றைக்கு எல்லம்மாள் சாலவாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். உன் நைனா புகைந்துபோன மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்ற உத்திரமேரூர் போயிருந்தார். பூவுக்கு முன்னால் எடுக்க வேண்டுமே என்று நான் ஒருத்தியாக இறங்கி, மத்தியானத்துக்குள் அத்தனையும் எடுத்து முடித்தேன். மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. பிள்ளையின் கழனியும் நம் கழனி மாதிரி சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீ கேட்பதற்கு முன்னால் உன் நைனா அதைக் கேட்டுவிட்டார், இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் செடிகள் வரிசையாக நின்றன. நல்ல செடிகள் சில, பிறகு நறுக்கிலைச் செடி ஒன்று, மறுபடியும் நல்ல செடிகள். கழனி முழுக்க அதே ஒழுங்கு. அது என் கண்ணில் படாமல் இல்லை. நாற்றுப் பண்ணையில் தட்டு நிரப்பும் பெண்பிள்ளை எவளோ இரண்டு விதைப் பையிலும் மாறி மாறிக் கையை விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உன் நைனா சாயங்காலம் வந்து வரப்பில் வாடிக் கிடந்த செடிகளைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏம்மே, கலவன் இன்னா ரேஷன் கடை லைன்லயா நிக்கும்?" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டார். பிடுங்கியதைத் திருப்பி நட முடியாது, சொன்னால் வீட்டில் சண்டை, எப்படியாவது காய்த்தாலும் காய்க்கும் என்று இருந்துவிட்டாராம். உனக்கும் போன் பண்ணவில்லை. நான் ஒரு தப்பு பண்ணினேன் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாம் தெரிந்து சும்மா இருந்த அவரிடம் நீ இன்றைக்கும் போனில் சிரித்துப் பேசுகிறாய். இது எனக்குப் புரியவில்லை.

பங்குனியில் பூ கொட்டிக் கிடந்தது. பெண் பூவின் அடியில் பட்டாணி அளவுக்குக் காய் இருக்கும், நாலு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். வெயில் என்று நினைத்தேன், தண்ணீர் கூடுதலாக விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். கழனிக்குள் கொஞ்ச தூரம் நடந்தவன் நின்று, எல்லம்மாளைப் பார்த்து, ஆண் செடியெல்லாம் எங்கே என்று கேட்டாய். பக்கத்தில் நான் நிற்கிறேன், அவளைக் கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். "கலவனா இருந்திச்சி, எடுத்துட்டேன்" என்றேன். நீ குனிந்து மஞ்சளாகிப்போன காய் ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய். "சரிம்மா" என்றாய். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சாயங்காலம் சோறு தின்றிருப்போம். அந்தச் சரிம்மாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீ போன பிறகு எல்லம்மாளைத்தான் முதலில் பிடித்தேன். தெரிந்திருந்தும் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கூசாமல் சொன்னாள். "நறுக்கு நறுக்கா எல கீற செடியத் தொடாத எல்லம்மான்னு தம்பி சொல்லிச்சி. ஒனக்குத் தெரியாதுன்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? நீதான பெத்தவ." வீட்டுக்கு வந்து உன் நைனாவைப் பிடித்தேன். அவர் அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினார். நல்ல செடிகளின் பூவில் உள்ள மகரந்தத் தூள் பலிக்காதாம், நறுக்கிலைச் செடியின் தூளைத் தேனீ கொண்டுவந்து சேர்த்தால்தான் காய் நிற்குமாம். நான் நம்பவில்லை. கழனி முழுக்க ஆண் பூ மஞ்சள் மஞ்சளாக என் கண்ணெதிரே கிடக்கிறது. ஒரே கொடியில் ஆண் பூவும் இருக்கிறது, பெண் பூவும் இருக்கிறது. வீட்டிலேயே ஆம்பளை இருக்கும்போது வெளியிலிருந்து ஏன் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். உன் நைனா சிரித்துவிட்டு, "கீறான், ஆனா இன்னா பிரயோஜனம்? என்னியப் பாரு" என்றார்.

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இந்தப் பயிர் நின்றால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாக நீ அவரிடம் சொல்லியிருந்தாயாம். ஏரிக்கரையை ஒட்டினாற்போல ஒரு கொட்டகை போட்டு நீயே நாற்று வளர்த்துக் கொடுக்கப்போவதாகவும் சொன்னாயாம். ஒரு கழனியை உனக்குக் கொடுத்தபோது, நீ திரும்பி வருவதா இல்லையா என்பதை அதில் நட்டிருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒன்கிட்ட சொன்னா நூறு கேள்வி கேப்ப, நடவே வுட மாட்டன்னு புள்ள சொல்லிச்சி" என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்துச் சொல்லவில்லையா, எனக்குப் புரிந்துவிடும் என்று பயந்து சொல்லவில்லையா? இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடி பாட்டில் கொண்டுவந்தாய், நினைவிருக்கிறதா? உள்ளே கூழ் மாதிரி ஒன்று, அதன்மேல் விரல் நீளத்துக்கு ஒரு வாழைக்கன்று. மண் இல்லை, கிழங்கு இல்லை. தாய் வாழையின் குருத்திலிருந்து துணுக்கு எடுத்து வளர்த்தது, ஒரு துணுக்கிலிருந்து ஆயிரம் கன்று எடுக்கலாம் என்று சொன்னாய். வாழை தானாகவே பக்கக்கன்று விடுகிறதே, அதற்கு ஏன் பாட்டில் என்று கேட்டேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். நீ பாட்டிலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் வேலையைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு கேள்வி கேட்டதற்கு இத்தனை வருஷத் தண்டனை உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும்.

யார் சொன்னாலும் நான் கேட்கமாட்டேன், என் கண் சொன்னால் கேட்பேன். மறுநாள் காலை கழனி முழுக்க நடந்தேன். எங்கும் காய் இல்லை. மோட்டார் கொட்டகை மூலையில் மட்டும், இலைக்கு அடியில், ஒரு முழ இடத்துக்குள் இரண்டு மூன்று காய்கள் கரும்பச்சையாக நின்றன. அந்த மூலைக்கு மட்டும் என்ன வந்தது என்று தேடினேன். வரப்பில் ஒரு கொடி படர்ந்திருந்தது. மாட்டுப் பொங்கலன்று உன் நைனா வாங்கிவந்த சாதாரண தர்பூசணியைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து தின்று துப்பினோம் அல்லவா, அந்தக் கொட்டை முளைத்தது. பாத்திக்குள் முளைத்திருந்தால் அதையும் எடுத்திருப்பேன். வரப்பில் இருந்ததால் தப்பியது. அதன் பூவிலிருந்து எழுந்த தேனீ நேராக உன் செடிக்குப் போவதைக் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. எல்லம்மாளின் மகளைத் தறிக்காரர் வீட்டில்தானே கொடுத்திருக்கிறது, அங்கிருந்து கழிவு நூல் வாங்கிவரச் சொன்னேன், சிவப்பில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம். விடிந்து பூ விரிந்ததும், மூலைக்கு எட்டாத எதிர்க்கோடியில் போய், வரப்புக் கொடியின் ஆண் பூவை இதழ் கிள்ளிவிட்டுப் பெண் பூவில் தடவினேன், காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். பக்கத்திலேயே உன் செடியின் சொந்த ஆண் பூவை எடுத்துத் தடவிப் பச்சை நூல் கட்டினேன். வெயில் ஏறிப் பூ வாடும்வரை இதுதான் வேலை, நாஷ்டாகூட மறந்து போகும். "பூவுக்கெல்லாம் தாலி கட்டிக்கினு கீறியே" என்று எல்லம்மாள் கேலி பண்ணினாள். பச்சை நூல் கட்டியதெல்லாம் மஞ்சளாகி விழுந்தது. சிவப்பு நூல் கட்டியதில் பெரும்பாலும் நின்றது. அப்போதுதான் நம்பினேன். உன் நைனா சொன்னார் என்பதற்காக நம்பவில்லை.

நம்பிய பிறகும் குழப்பம் போகவில்லை, கூடியது. உன் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துப் படித்தேன். சாதாரணச் செடிக்கு உள்ளே குரோமோசோம் என்கிற நூல் கட்டு இரண்டு இருக்கிறதாம், ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. செல் பிரியப்போகும் நேரத்தில் ஒரு மருந்தை வைத்துப் பிரியவிடாமல் தடுத்தால், இரண்டு கட்டு நாலு கட்டாக உள்ளேயே தங்கிவிடும். அந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கண்வலிக்கிழங்குச் செடி. ஆடு தின்றுவிடப் போகிறதே என்று நான் வருஷா வருஷம் வேலியிலிருந்து வெட்டி எறிவது. அதன் விஷத்தில் பிறந்த நாலு கட்டுத் தாயையும் சாதாரண இரண்டு கட்டுத் தகப்பனையும் சேர்த்தால், பிள்ளைக்கு மூன்று கட்டு. மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாது, அதனால் அதன் தூளும் பலிக்காது, அதற்கு விதையும் வராது. இதுவரை புரிகிறது. விதையே வராத பழத்துக்குத் தூள் எதற்கு? பிள்ளை பெறப்போவதில்லை என்று தெரிந்தும் அந்தச் செடி ஏன் தகப்பனுக்காகக் காத்திருக்கிறது? தூள் பட்டால்தான் காய் பெருக்க ஆரம்பிக்கும் என்று போட்டிருக்கிறது. அது பதில் இல்லை, கேள்வியையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதை உன்னிடம் கேட்கத்தான் போன் பண்ணினேன். அப்பறம் பேசறேம்மா என்றாய்.

சிவப்பு நூல் காய்கள் சித்திரையில் பழுத்தன. ஒன்றை அறுத்தேன். கொட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, மெத்தென்று, ஒரு தோல் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பழம் நல்ல இனிப்பு, அதை மறுக்க மாட்டேன். அந்த வெள்ளைத் தோல்களைப் பொறுக்கித் தொட்டியில் மண் போட்டுப் புதைத்து, தினம் தண்ணீர் விட்டேன். முளைக்கவில்லை. முளைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் விட்டுப் பார்த்தேன். விதை எடுத்து வைக்க முடியாத பயிரை எப்படிப் பயிர் என்று சொல்வது என்பதில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் நாற்றுக்கு உன்னைப்போல் ஒருவனிடம்தான் போய் நிற்க வேண்டும். அதைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து சண்டை போட வேண்டும். சண்டை போட நீ இங்கே இருக்க வேண்டும்.

எங்கே போனாலும் ஒன்றை வைத்துக்கொள். உன் கம்பெனியில் எத்தனை பேர் அறிவாளியாக இருந்தாலும், கடைசியில் செடியைத் தொடுவது கழனியில் இறங்கும் ஒருத்தியின் கை. அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவள் நூறு கேள்வி கேட்டால் நூறுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவள் உன் தாயாக இருந்தால் நூற்றியொன்றுக்கும் சொல்ல வேண்டும். தெரியாமல் கெடுத்தவளை விட்டு, தெரிந்து பேசாமல் இருப்பவர்களோடு ராசியாகிப் போவது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அந்த நறுக்கிலைச் செடிகளை இன்னொரு தடவை யாரும் சொல்லாமல் பார்த்தால், இன்னொரு தடவையும் பிடுங்குவேன். எனக்குத் தெரிந்த வேலை அது. அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்லாதே.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். வடக்கே போகும் வேலைக்கு, வருகிற தை வரை வர முடியாது என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பயிரை வைத்து முடிவு பண்ணுவது தப்பு, உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு தடவை பார்த்துவிட்டு எதையும் முடிவு பண்ணமாட்டீர்கள். உன் நைனா அந்தக் கழனியில் இந்தத் தடவையும் நவரை போடாமல் உழுது வைக்க வேண்டும், மோட்டாரை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும், தனக்குத் தெரிந்ததை அன்றைக்கே வாய் திறந்து சொல்ல வேண்டும். எல்லம்மாள் நடவு முடிந்து பூ எடுக்கும்வரை மகள் வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். விதையில்லாச் செடியின் நாற்றைக் குழித்தட்டில் நீ கொண்டுவா. ஆண் நாற்று கொண்டுவராதே. வரப்புக் கொடியில் பழுத்த பழங்களை அறுத்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்திருக்கிறேன். அதன் பழம் வரிவரியாக இருக்கும், உன்னுடையது கரும்பச்சை, அறுவடையில் குழம்பாது. அந்த நாற்றை நான் வளர்ப்பேன். தேனீ குறைந்தால் காலையில் பூ தொடுவதும் நான்தான். கலவன் எடுப்பதும் நான்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதை எடுக்கக் கூடாது என்பதை மட்டும் நீ சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், உன் நைனாவிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். வரப்பில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, என்னிடம் சொல்.